ஜிம்மும் சிலம்பமும் சேர்த்துச் செய்தால் உடம்பு ஏறாதா?

ஆலைத்தம்பி, ராஜபாளையம்

அனைவருக்கும் வணக்கம். வயது 23. நூற்பாலையில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்: ஒரு வாரம் காலை 8 முதல் 4 வரை, அடுத்த வாரம் 4 முதல் நள்ளிரவு 12, அதற்கடுத்த வாரம் 12 முதல் காலை 8. உயரம் 168 சென்டிமீட்டர். ஐந்து மாதங்களுக்கு முன்பு 55 கிலோ இருந்தேன், இன்று 56.

சிலம்பம் மூன்று வருடமாகக் கற்றுக்கொள்கிறேன். வாரம் ஐந்து நாள், கோயில் திடலில் ஒன்றரை மணி நேரம். ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே வாரம் ஆறு நாள்: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு ஏறவில்லை. இரண்டு வாரமாக வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. தலைக்கு மேல் கம்பு சுற்றும்போது சுருக்கென்று பிடிக்கிறது.

ஜிம் பயிற்சியாளர், “கம்பை விட்டுவிடு, சாப்பிடுவதெல்லாம் அதில் எரிந்து போகிறது” என்கிறார். ஆசானோ, “இரும்பு தூக்கினால் உடம்பு இறுகிவிடும், கை வேகம் போய்விடும்” என்கிறார். இருவரையும் மதிக்கிறேன். எனக்கு இரண்டுமே வேண்டும். சட்டை போட்டால் தோள் நிரம்பத் தெரிய வேண்டும், டிசம்பரில் நடக்கும் போட்டியில் கம்பும் நிற்காமல் சுழல வேண்டும். பயிற்சியாளர் 3,500 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? சாப்பாட்டுக்கு மாதம் இவ்வளவுதான் என்று கணக்கு வைத்து வாழ்கிறவன் நான்.

---

மேடைக்காரன், திருச்சி

உங்கள் பயிற்சியாளர் சொல்வதில் பாதி சரி. நான் ஆணழகன் போட்டிகளில் எட்டு வருடம் மேடை ஏறியவன். உடம்பு பெருக்க வேண்டுமென்றால் ஒரே குறி வேண்டும். 56 கிலோ உடம்பில் வாரம் ஏழரை மணி நேரம் கம்பு சுற்றினால் எடை ஏறுவது கடினம்தான். நான்கு மாதம் கம்பை ஓரமாக வைத்துவிட்டு எடை தூக்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். 62 கிலோ ஆனதும் கம்பைத் திரும்ப எடுங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஊசி, மாத்திரை என்று எவர் நீட்டினாலும் கை நீட்டாதீர்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் உள்ளே போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விரை சுருங்கும், நல்ல கொழுப்பு குறைந்து இதயத்துக்குச் சுமை ஏறும். என்னுடன் மேடை ஏறிய இருவர் இன்று குழந்தைக்காக மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள்.

---

கம்பும் கர்லாவும், பாளையங்கோட்டை

தம்பி, முதலில் தோளைப் பார்த்துவிடுவோம்.

கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்திப் பாருங்கள். தோள் உயரத்தை நெருங்கும்போது பிடித்து, தலைக்கு மேலே போனதும் விட்டுவிடுகிறதா? அப்படியானால் தோள் மூட்டின் மேற்கூரை எலும்புக்கு அடியில் இருக்கும் தசைநார் நசுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு 2003இல் இதேதான். வலியோடு ஏழு வாரம் சுற்றினேன், பிறகு ஐந்து மாதம் கம்பைத் தொட முடியவில்லை. அந்த ஐந்து மாதத்தை நீங்களும் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரவில் அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை, கை பலமிழந்து சட்டை மாட்டச் சிரமம் என்ற நிலை இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு வயது 47, வயர்மேன் வேலை. பதினோரு வயதில் தாமிரபரணிக் கரையில் கம்பு பிடித்தேன். 1998இல் ஜிம்மில் சேர்ந்தேன். இன்றைக்கும் இரண்டையும் விடவில்லை. மாலையில் இருபது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் ஆசானும் பயிற்சியாளரும் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும் இருபத்தைந்து வருடமாகக் கேட்டு வருகிறேன்.

என் ஆசான் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வெற்றிலை மடிப்பார். சுற்றுவதைக் காதால் கேட்பார். கம்பு சரியாகச் சுழலும்போது “விர்ர்” என்று ஒரே சீரான ஓசை வரும். மணிக்கட்டு திரும்பும் இடத்தில் கை தயங்கினால் அந்த ஓசை ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அமுங்கி எழும்பும். ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது வாரம், திரும்பாமலே, “இன்றைக்கு இரும்பு தூக்கினாயா?” என்று கேட்டார். நான் சொல்லியிருக்கவில்லை. அன்று காலை பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சி, செய்திருந்தேன்.

நானும் இரும்புதான் கையை இறுக்கிவிட்டது என்று நம்பினேன். ஆனால் கவனித்துப் பார்த்தபோது, காலுக்குப் பயிற்சி செய்த நாட்களில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளையும் நெஞ்சையும் களைக்கவைத்த நாட்களில் மட்டுமே கேட்டார். தோள் பயிற்சியைக் கம்பு முடிந்த பிறகு செய்ய மாற்றினேன். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவே இல்லை. இரும்பு கையை இறுக்கவில்லை தம்பி, களைத்த தோளோடு நான் கம்பைத் தொட்டதுதான் தவறு. மூட்டுகள் முழு வீச்சுக்கு அசையும்படி இறக்கி ஏற்றி எடை தூக்கினால் உடம்பின் வளையும் தன்மை கூடத்தான் செய்யும். பாதி வீச்சில் அவசரமாகத் தூக்குகிறவர்களைப் பார்த்துத்தான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆறு நாள் ஜிம், ஐந்து நாள் கம்பு. ஏழு நாளில் பதினோரு பயிற்சி. மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவெல்லாம் விழிப்பு. இரும்புக்கும் கம்புக்கும் ஆலை வேலைக்கும் உடம்பிடம் இருப்பது ஒரே கல்லாப்பெட்டிதான். மூன்று பேரும் அதிலிருந்தே எடுக்கிறார்கள், போடுவதற்குச் சோறும் தூக்கமும் மட்டுமே இருக்கின்றன. ஐந்து மாதத்தில் ஒரு கிலோ ஏறியதே உங்கள் உழைப்பைக் காட்டுகிறது.

இது புதிய விஷயம் இல்லை. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் பத்து வாரம் ஒரு குழுவுக்கு எடைப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு எடையோடு வாரம் ஆறு நாள் ஓட்டமோ சைக்கிளோ கொடுத்துப் பார்த்தார். இரண்டும் செய்தவர்களின் கால் பலம் ஏழு வாரம் வரை ஏறி, அப்படியே நின்று, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. அதைப் படித்துவிட்டுப் பலர் “இரண்டும் சேராது” என்று முடிவுகட்டிவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. அளவோடு செய்தால் தசை வளர்ச்சிக்குப் பெரிய தடை இல்லை. வெட்டென்று பாயும் விசைதான் சற்றுக் குறைகிறது, அதுவும் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால். கம்புக்காரனுக்கு அந்த விசைதான் உயிர். அதனால் இடைவெளி முக்கியம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஜிம் மூன்று நாள், கம்பு மூன்று நாள், இரண்டும் அதே மூன்று நாட்களில்: திங்கள், புதன், வெள்ளி. ஒன்று காலை, இன்னொன்று மாலை, நடுவே ஆறு மணி நேரமாவது இடைவெளி. மற்ற நாட்கள் முழு ஓய்வு, வேண்டுமானால் அரை மணி நேரம் காலடி வரிசை மட்டும், கம்பில்லாமல். கடினமான நாள் கடினமாகவே இருக்கட்டும், ஓய்வு நாள் உண்மையாகவே ஓய்வாக இருக்கட்டும். இன்று நீங்கள் செய்வது ஏழு நாளும் முக்கால் களைப்பில் இருப்பது.

நெஞ்சுக்கு ஒரு நாள், தோளுக்கு ஒரு நாள் என்ற அட்டவணையைக் கிழித்துவிடலாம். ஒவ்வொரு ஜிம் நாளிலும் முழு உடம்பு: ஒரு ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஒன்று தள்ளுவது, இரண்டு இழுப்பது, முடிந்தது. மூன்று முறை, எட்டிலிருந்து பத்து எண்ணிக்கை. கடைசி எண்ணிக்கைக்குப் பிறகு இன்னும் இரண்டு முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று முறையிலும் பத்து வந்துவிட்டால் அடுத்த தடவை இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். என்னுடைய 1998ஆம் ஆண்டு நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஏன் தள்ளுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு இரண்டு? தலைக்கு மேல் கம்பு சுற்றும்போது தோளின் முன்பக்கம்தான் உழைக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸிலும் தண்டாலிலும் அதே முன்பக்கம். ஆலையில் இயந்திரத்தின் முன் குனிந்து நிற்கும்போதும் தோள் முன்னால்தான் சரிகிறது. பின்பக்கத்துக்கு யார் வேலை கொடுத்தார்கள்? தோள் குமிழைக் குழிக்குள் பிடித்து நிறுத்துவது நான்கு சின்னத் தசைகள். அவற்றுக்கு நான் கொடுக்கும் மருந்து பழைய சைக்கிள் டியூப். ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மடித்த துண்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். துண்டு கீழே விழக் கூடாது. பதினைந்து எண்ணிக்கை, இரண்டு முறை, தினமும். வலி தீரும்வரை பெஞ்ச் பிரஸ் வேண்டாம், தலைக்கு மேலான சுற்று வேண்டாம். இடுப்பு உயரத்தில் முன்சுற்று, பக்கச்சுற்று போதும்.

முன்கைக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை, கம்பே போதும். போட்டிக்கு முந்திய இரண்டு நாட்களில் டெட்லிஃப்ட் தொடாதீர்கள். பிடி களைத்திருந்தால் வியர்த்த கையில் கம்பு நழுவும்.

சூடேற்றாமல் எடையைத் தொடவே தொடாதீர்கள். புரூஸ் லீ 1970இல் சரியாகச் சூடேற்றாமல் சுமார் 61 கிலோவைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சி செய்தபோதுதான் முதுகு அடிபட்டு மாதக்கணக்கில் படுத்தார். அவ்வளவு உடற்கட்டுப்பாடு உள்ளவருக்கே அப்படி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பவுடர் டப்பாவுக்கு அவசரமே இல்லை. தசை வளர உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு 90 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 26, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12. இதுவே 78. சோறு, சாம்பார், சுண்டல் மீதியைக் கொண்டுவந்துவிடும். முட்டையில் மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டாம், புரதத்தில் கிட்டத்தட்ட பாதி அதில்தான் இருக்கிறது. சோற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எடை ஏற வேண்டியவருக்குச் சோறு நண்பன். இரவு ஷிப்டில் இரண்டு மணிக்கு டீயும் பன்னும் சாப்பிடுவதற்குப் பதிலாக வேகவைத்த முட்டை இரண்டும் வாழைப்பழமும் டிபன் பாக்ஸில் கொண்டுபோங்கள்.

மேடைக்காரன் அவர்கள் சொன்னதில் ஊசி பற்றியது பொன்னான வார்த்தை. ஆனால் நான்கு மாதம் கம்பை விடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். தம்பிக்கு மேடை குறியில்லை, டிசம்பர் போட்டிதான் குறி. அதற்குள் நான்கு மாதம் கம்பைத் தொடாவிட்டால் காலடி போய்விடும். கை மறந்தது ஒரு வாரத்தில் திரும்பும். கால் மறந்தால் அவ்வளவு எளிதில் திரும்பாது.

---

ஜூடோ டீச்சர், கோவை

மேலே உள்ளவர் எழுதியதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான், ஜூடோவும் எடைப் பயிற்சியும் பதினான்கு வருடம்.

முதலாவது இரவு ஷிப்ட் வாரம். அந்த வாரத்தில் மூன்று நாள் ஜிம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். சேர்த்த பலத்தைக் காப்பாற்ற வாரம் ஒரு நாள் போதும், தூக்கும் எடையை மட்டும் குறைக்கக் கூடாது. மூன்று முறை செய்வதை இரண்டாகக் குறைக்கலாம். அந்த வாரம் ஒரு ஜிம், இரண்டு கம்பு என்று வைத்துக்கொண்டு பகலில் தூங்குங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் அடுத்த அறையில். என் தங்கை செவிலியர், அவள் வீட்டில் பகலில் அழைப்பு மணியின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, எடைப் பிரிவு. கம்புச் சண்டைப் பிரிவில் எடை வாரியாகத்தானே மோதவிடுகிறார்கள்? நீங்கள் எந்தப் பிரிவில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்று ஆசானிடம் இப்போதே கேளுங்கள். ஏறிய எடை பிரிவின் எல்லையை அரைக் கிலோ தாண்டி நின்றால், கடைசி நாளில் தண்ணீர் குடிக்காமல் வற்றவைக்கும் பழக்கத்துக்குப் பிள்ளைகள் போகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் எடை பார்க்கும் வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அதற்குப் பிறகு என் மாணவர்கள் எவரையும் எடை வற்றவைக்க நான் அனுமதித்ததில்லை, மேல் பிரிவில் தோற்றாலும் பரவாயில்லை என்றுதான் அனுப்புகிறேன்.

---

மேடைக்காரன், திருச்சி

கம்பும் கர்லாவும் அவர்களுக்கு: போட்டி டிசம்பரில் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தக் கணக்கில் உங்கள் வழிதான் சரி. மேடைக்குத் தயாராகும்போது கடைசி வாரங்களில் எனக்கு மாடிப்படி ஏறவே தெம்பு இருக்காது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு யாரும் கம்பு சுற்ற முடியாது, அதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் தெரியும் அந்த உடம்பு வருடத்தில் சில நாட்கள் மட்டுமே அப்படி இருக்கும்.

தம்பி, பவுடர் பற்றி: வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுக்கும்போது மிஞ்சும் நீரிலிருந்து செய்வது, விஷமும் இல்லை, மாயமும் இல்லை. முட்டையும் பாலும் சோயாவும் சாப்பிட முடிகிறவருக்கு அது தேவையில்லை. பின்னால் எப்போதாவது வாங்கினால் உரிம எண் அச்சிட்ட, முத்திரை உடையாத டப்பாவாகக் கடையில் வாங்குங்கள். பிரித்துக் கட்டிக்கொடுக்கும் பொட்டலம் எதையும் வாங்காதீர்கள்.

---

ஆலைத்தம்பி, ராஜபாளையம்

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

தோளுக்கு மருத்துவரைப் பார்த்தேன். தசைநார் வீக்கம்தான், கிழிசல் இல்லை என்றார். சைக்கிள் டியூப் பயிற்சியைச் செய்துகாட்டினேன், தொடரச் சொன்னார். முதல் பத்து நாள் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. நான்காவது வாரம் தலைக்கு மேல் சுற்றினேன், வலிக்கவில்லை.

எடை 58.2. ஸ்குவாட் 40 கிலோவிலிருந்து 62.5க்கு வந்திருக்கிறேன். அட்டவணையை மாற்றியதில் ஜிம் பயிற்சியாளருக்கு வருத்தம்தான், ஆனால் போன வாரம் நோட்டைக் காட்டியதும் வாங்கி முழுவதும் படித்தார். ஆசான் இரும்பைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சுற்றி முடித்ததும் என் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, “பதிவுப் படிவத்தில் 60க்கு உட்பட்ட பிரிவு என்று எழுது” என்றார்.

அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பெயரிலேயே கர்லா (சுழற்றிப் பழகும் கனமான மரக்கட்டை) இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆசான் வீட்டுப் பரணில் பழைய ஜோடி ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். என்ன எடை என்று தெரியவில்லை. ஒன்றைத் தூக்கினால் மணிக்கட்டு இழுக்கிறது.

---

கம்பும் கர்லாவும், பாளையங்கோட்டை

தோள் சரியானது கேட்டு மனசு நிறைந்தது தம்பி. வலித்த தோளில் கர்லா சுழற்றக் கூடாது என்பதால்தான் முன்பு எழுதவில்லை.

மணிக்கட்டு இழுத்தால் அது உங்களுக்கு இப்போது கனம். பழைய கட்டைகள் எட்டுப் பத்துக் கிலோ கூட இருக்கும், பரணிலேயே இருக்கட்டும். கடைசல் பிடிக்கும் தச்சரிடம் மூன்று கிலோவில் ஒன்று செய்யச் சொல்லுங்கள், ஜோடி வேண்டாம். கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், நுனியில் குமிழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் பறந்துவிடும். வார்னிஷ் அடிக்க விடாதீர்கள், வழுக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் நிழலில் வையுங்கள்.

கட்டையைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, முழங்கை வானம் பார்க்க, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நெஞ்சுக்கு முன்னால் நிறுத்துங்கள். கையால் தூக்காதீர்கள், அது விழும் வேகத்தைப் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கைக்குப் பத்து, ஓய்வு நாள் காலையில். போட்டி முடியும்வரை அதற்கு மேல் வேண்டாம்.